ஆடலும் ஆடியோர் பெயரும்: குவென் வேர்டனின் அரங்க வாழ்வு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோரின் இலக்கணங்களை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரித்துரைக்கின்றார். அவர்தம் புலமைக்கு உரிய மதிப்பை அளிப்பதில் அடிகள் சிறிதும் குறைவைத்தாரல்லர். எனினும், அவர்களுள் ஒருவருக்கேனும் பெயர் கூறினாரில்லை. அன்று அவ்வரங்கிலே தொழில் புரிந்தோருள் பெயரோடு விளங்குபவள், ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறி, மன்னனிடம் தலைக்கோற் சிறப்புப் பெற்ற மாதவி ஒருத்தியே. ஆடற்கலை ஆடுபவரிடத்தேதான் உயிர் பெறுகின்றது என்னும் உண்மையை இவ்வமைப்புக் குறிப்பால் உணர்த்துகின்றது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் நியூயோர்க் நகரின் புரோட்வே அரங்குகளில் வளர்ச்சியுற்ற இசைநாடகத்திலே இந்நிலை பெரிதும் மாறிற்று. இசையமைத்தவர், பாட்டெழுதியவர், உரையாடல் எழுதியவர், நெறியாளர், நடன அமைப்பாளர் என்போரின் பெயர்களே அந்நாடகங்களின் வரலாற்றில் முதலிடம் பெறுகின்றன. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. பாட்டு ஏட்டில் நிற்கும். இசை இசைத்தட்டில் நிற்கும். ஆடலோ, ஆடியவர் அரங்கை விட்டு நீங்கியதும் மறைந்துவிடும். ஆகவே, எஞ்சி நிற்கும் ஏடுகளிற் பெயர் பொறிக்கப்பட்டோரே படைப்பாளிகள் என்றும், ஆடியவர்கள் அவர்தம் கைக்கருவிகள் என்றும் கொள்ளும் வழக்கம் விமரிசகரிடையே வேரூன்றிவிட்டது.

இவ்வழக்கம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஆராய்வதற்குக் குவென் வேர்டன் என்னும் ஆடலரசியின் வாழ்வு சிறந்ததோர் உரைகல்லாகும். அமெரிக்க நாடக உலகின் தலையாய பரிசாகிய ரோனிப் பரிசை 1954, 1956, 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை பெற்றவர் அவர். ஆயினும், நடன அமைப்பாளரும் நெறியாளருமான பொப் ஃபொசி என்பாரின் கலைக்கு வாய்த்த நல்லதொரு கருவி என்றே அவர் பலராலும் பேசப்பட்டு வந்துள்ளார். அத்தீர்ப்பிற் பாதியே உண்மை. எஞ்சிய பாதியை அவருடைய கலை வாழ்விலேயே தேடிக் காணல் வேண்டும்.

குவென் வேர்டன் 1925ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்துக் கல்வர் சிற்றியிலே பிறந்தார். இங்கிலாந்திலிருந்து குடிபெயர்ந்த குடும்பம், தந்தையார் எம். ஜி. எம். படப்பிடிப்பு நிலையத்தில் மின்தொழிலாளர். தாயார் டெனிஷோன் நடனக் குழுவின் வழிவந்த ஆடல் ஆசிரியை. எலும்பு வலுவிழந்து வளையும் 'ரிக்கெட்ஸ்' நோய் இளமையிலேயே குழந்தையின் கால்களைப் பற்றிக்கொண்டது. வளைந்த கால்களை நிமிர்த்தும்பொருட்டு இறுகக் கட்டும் சப்பாத்துகளை அணியவேண்டியிருந்தது. நோய்க்கு மருந்தாக ஆடலையே தாயார் தெரிந்தெடுத்தார். மூன்று வயதில் தொடங்கிய பயிற்சி, ஆறு வயதளவில் அக்குழந்தையை மேடையேற்றியது. பிற்காலத்திலே புரோட்வே அரங்கில் ஈடிணையற்றவை எனப் போற்றப்பட்ட கால்கள், நடப்பதற்கே துன்புற்ற கால்களாகும். தன் உடலின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே அறிந்து ஆளும் திறன் வேர்டனின் ஆடலிற் சிறந்து விளங்கியதற்கு, உடலை இயல்பானதொன்றாகக் கருதமுடியாத இவ்விளமைப் பருவமும் ஒரு காரணமாகலாம்.

பதினேழாம் வயதில் அவர் மணம்புரிந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகனுக்குத் தாயானார். அம்மணவாழ்வு 1947இல் முறிந்தது. குழந்தையைத் தம் பெற்றோரின் பராமரிப்பில் விட்டு, மீண்டும் ஆடலுக்கே திரும்பினார். கலை வாழ்வு பெண்ணொருத்தியிடம் கேட்கும் விலை எத்தகையது என்பதற்கு இது சான்று. பிற்காலத்து வெற்றிகளை எண்ணி இவ்விலையை மறந்துவிடுதல் நேர்மையான மதிப்பீடாகாது.

இக்காலத்தில் அவர் அடைந்த ஆசிரியர் ஜாக் கோல் (1911 - 1974) என்பவராவார். அமெரிக்க ஜாஸ் நடனத்திற்கு ஓர் ஒழுங்கையும் இலக்கணத்தையும் வகுத்தோருள் கோல் முதன்மையானவர். அவரும் ரூத் சென்ட் டெனிஸ், டெட் ஷோன் ஆகியோர் 1915இல் நிறுவிய டெனிஷோன் பள்ளியிலிருந்து தோன்றியவரே. கீழைத்தேய ஆடல்களில் அப்பள்ளி கொண்டிருந்த ஈடுபாடு உலகறிந்தது. ஆனால், அது பெரும்பாலும் உடையளவிலும் தோற்றத்தளவிலும் நின்ற ஈடுபாடாகும். கோல் அதனோடு அமைந்தாரல்லர். லா மேரி என்னும் அமெரிக்க நடனமாதிடம் அவர் பரதநாட்டியத்தை முறையாகப் பயின்றார். லா மேரியோ 1930களில் இந்தியாவுக்கு வந்து, பாபநாசம் வடிவேலுப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். இவ்வாறு தமிழகத்து நட்டுவனார் ஒருவரின் பாடம், இரண்டு கைமாறி, நியூயோர்க்கின் இரவு விடுதிகளையும் ஹொலிவூட்டின் படப்பிடிப்பு நிலையங்களையும் சென்றடைந்தது.

கோல் அங்கே செய்தது விந்தையானதொரு கலப்பு. பரதத்தின் அடவுகளையும் கழுத்தசைவுகளையும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சுவிங்' இசைக்கு இசைவித்து ஆடினார். இக்கலப்பைப் பற்றி இரு கருத்துகள் கூறப்படலாம். கோயிலோடும் பதத்தின் பொருளோடும் பிணைந்து வளர்ந்த ஆடலை, மது அருந்துவோர் முன்னிலையிற் பொருள் நீக்கி ஆடுதல் தகுமா என்பது ஒன்று. முத்திரை கையளவில் நின்று பொருளை இழந்துவிட்டதென்பதை மறுத்தல் இயலாது. அபிநயம் அங்கே சென்று சேரவில்லை. ஆனால், கோல் பரதத்திலிருந்து பெற்றது அழகிய உடையன்று, உடற் பயிற்சியின் ஒழுங்கு என்பது மற்றொன்று. முழங்கால் மடிந்த அரைமண்டி நிலை. அங்கம், பிரத்தியங்கம், உபாங்கம் என உடலைப் பகுத்து, ஒன்று அசையும்போது மற்றையவற்றை அசைவறச் செய்யும் கட்டுப்பாடு. தாளத்தின் நுண்ணிய பகுப்புகளை உடலின் வெவ்வேறு பகுதிகள் ஏற்றல். இவையே அவர் பெற்ற செல்வம். ஜாஸ் நடனத்தில் இன்றும் அடிப்படைப் பயிற்சியாக விளங்கும் உறுப்புப் பிரித்தாடல் முறையிலே இச்செல்வத்தின் பங்கு கணிசமானது.

வேர்டன் கோலிடம் ஆண்டுகள் பல மாணவியாகவும் உதவியாளராகவும் இருந்தார். கோல் கடுமையான ஆசிரியர். அவர் மனத்திலே தோன்றும் அசைவை முதலில் ஆடிக் காட்டுவதும், நினைவில் நிறுத்துவதும், பிறருக்குக் கற்பிப்பதும் உதவியாளரின் பணிகளாயின. ஹொலிவூட்டின் நட்சத்திரங்கள் பலர் வேர்டனிடம் ஆடல் கற்றனர். 1953இல் வெளிவந்த 'ஜென்டில்மன் பிரிஃபர் புளொன்ட்ஸ்' என்னும் படத்தில் மரிலின் மன்றோவுக்கும் ஜேன் ரசலுக்கும் அசைவுகளைப் பயிற்றுவித்தவர் அவரே. நடை, தோளின் திருப்பம், கையின் வீச்சு என்று மக்கள் எதனை நட்சத்திரத்தின் இயற்கையழகெனக் கண்டு மயங்கினரோ, அதனுட் பல, திரைக்குப் பின்னால் நின்ற ஆசிரியையின் பயிற்சியால் விளைந்தவை. அப்படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

அக்காலத்துத் திரைப்படம் வேர்டனுக்கு அளித்த இடம் இத்தகையதே. 'ஒன் த ரிவியேரா' (1951), 'டேவிட் அன்ட் பத்ஷீபா' (1951), 'த மெரி விடோ' (1952) முதலிய படங்களில் அவர் தோன்றினார். எனினும், கதையோடு ஒட்டாத, இடையே வந்து மறையும் ஆடற் காட்சிகளே அவருக்குக் கிடைத்தன. கதையின் உயிரை ஆடலாற் சொல்லும் வாய்ப்பு அரங்கிலேதான் இருந்தது.

அவ்வரங்கின் நிலையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குதல் பொருந்தும். 1943இல் அரங்கேறிய 'ஒக்லஹோமா' என்னும் இசைநாடகம், ஆடலைக் கதையின் உறுப்பாக்கிய பெருமைக்குரியது. ஆனால், அந்நாடகத்தின் புகழ்பெற்ற கனவுக் காட்சியிலே, தலைவியாகவும் தலைவனாகவும் நடித்தோர் விலகி நிற்க, அவர்களுக்குப் பதிலாக வேறிருவர் ஆடினர். பாடுவோர் வேறு, ஆடுவோர் வேறு என்னும் பிரிவு அங்கே நீங்கவில்லை. ஆடுபவர் பேசாதவர், பேசுபவர் ஆடாதவர். இயலும் இசையும் ஆடலும் ஓருடலிலே ஒன்றுபடும் நடிகர் தோன்றினாலன்றி அப்பிரிவு நீங்குதல் இயலாதிருந்தது. வேர்டனின் வரலாற்று முதன்மை இவ்விடத்திலேதான் உள்ளது.

1953ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் சூபேர்ட் அரங்கிலே கோல் போட்டரின் 'கான்-கான்' அரங்கேறியது. வேர்டன் ஏற்றது துணைப்பாத்திரம். அதுவும் ஒத்திகைக் காலத்திலே குறைக்கப்பட்டது. மைக்கல் கிட் அமைத்த ஏதேன் தோட்ட ஆடலிலே அவர் ஏவாளாகத் தோன்றினார். அரங்கேற்ற இரவிலே, ஆடலை முடித்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்கு அவர் சென்றுவிட்ட பின்னும், அவையோரின் கரவொலி ஓயவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூவியவண்ணம் இருந்தனர். நாடகத்தைத் தொடர்ந்து நடத்தல் இயலாதாயிற்று. ஈற்றில், துவாயைப் போர்த்தியவாறே அவரை அழைத்து வந்து அவையோர்க்குக் காட்ட நேர்ந்தது. அடுத்த ஆண்டு அவர் தமது முதலாவது ரோனிப் பரிசைப் பெற்றார்.

இந்நிகழ்ச்சி வெறும் சுவையான செய்தியாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகின்றது. மதிப்பீட்டுக்கு வேண்டிய முதற் சான்று இதிலேயே உள்ளது. ஃபொசியோடு வேர்டன் சேர்ந்து பணியாற்றத் தொடங்கியது இதற்கு இரண்டாண்டுகளின் பின்னரே. வேறொருவர் அமைத்த ஆடலிலே, வெட்டிக் குறுக்கப்பட்ட பாத்திரத்திலே, அவையை அவர் வென்றார். ஒருவர் கையிற் கருவியாயிருந்து மட்டும் புகழ் பெற்றவர் என்னும் கூற்று இவ்விரவைக் கணக்கிலெடுக்கத் தவறுகின்றது.

1955ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் 46ஆம் தெரு அரங்கில் 'டாம் யாங்கீஸ்' அரங்கேறியது. சாத்தானுக்குத் தன் ஆன்மாவை விற்று, இளமை பெற்று, பேஸ்போல் வீரனாகும் ஒரு முதியவனின் கதை அது. அவனை மயக்குதற்குச் சாத்தான் அனுப்பும் லோலா என்னும் பாத்திரத்தை வேர்டன் ஏற்றார். ஃபொசி ஆடல்களை அமைத்தார். நாடகம் 1,019 முறை ஆடப்பெற்றது. அதனினும் சிறந்த பேறு, 1958இல் அது திரைப்படமானபோது லோலாவாக வேர்டனே நடித்தமையாகும். அவருடைய புரோட்வே தலைமைப் பாத்திரங்களுள் அவரே நடித்துத் திரைப்படமாக நிலைபெற்றது இது ஒன்றே.

ஆதலின், அவர் கலையை நேரிற் காணாதோர் மதிப்பிடுவதற்கு இப்படமே தலையாய சான்று. விளையாட்டு வீரர்கள் உடைமாற்றும் அறையிலே லோலா தலைவனை மயக்க முயலும் காட்சி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பொருளளவில் அது சிருங்காரம். ஆனால், வேர்டனின் உடல் இரண்டு செய்திகளை ஒரே வேளையிற் கூறுகின்றது. இடையும் தோளும் மயக்கும் பெண்ணின் மொழியைப் பேசுகின்றன. முகமும் விரல் நுனிகளும் அம்மொழியையே எள்ளி நகையாடுகின்றன. லோலா தன் வித்தையிற் பெருமை கொண்டவள். அதே வேளையில், அது பலியாத இடத்தில் அகப்பட்டுக்கொண்டவள். அப்பெருமையும் ஏமாற்றமும் ஓர் அசைவின் தொடக்கத்திலும் முடிவிலும் முறையே தோன்றுகின்றன. சிருங்காரத்தினுள்ளே நகையையும், நகையினுள்ளே சிறிது அவலத்தையும் வைத்தல் அபிநயத்தில் வல்லாருக்கே கைவருவது. முத்திரையின் பொருள் நீங்கிய கோலின் வழியிலே வந்த ஆடலுக்கு, அபிநயத்தின் தன்மையை மீட்டுக் கொடுத்தவர் வேர்டனே எனல் மிகையாகாது. பரதத்தின் அபிநயம் அங்கே சென்றதென்பது இதன் கருத்தன்று. அகத்தின் நிலையை உறுப்பின் அசைவாற் புலப்படுத்தும் பொது நெறியை, தமது நடிப்புணர்வால் அவர் தாமே கண்டடைந்தார் என்பதே கருத்து.

அதே படத்தில், மம்போ நடனத்தைக் கேலி செய்யும் இருவர் ஆடல் ஒன்றுண்டு. அதில் வேர்டனோடு சேர்ந்து ஆடியவர் ஃபொசியே. இருவரும் ஒத்த உடையும் தொப்பியும் அணிந்து, ஒத்த அசைவுகளைச் செய்கின்றனர். ஆடலை அமைத்தவரும் ஆடியவரும் அருகருகே நிற்கும் இக்காட்சியை ஊன்றி நோக்குவோர்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். ஃபொசியின் உடல் கூர்மையானது. கோணங்களையும் கோடுகளையும் வரைவது. வேர்டனின் உடலோ அக்கோணங்களையே வரைந்தும், அவற்றினூடே ஒரு பாத்திரத்தை வாழச் செய்கின்றது. அமைப்பு ஒன்றே, பொருள் ஆடுபவரால் வேறுபடுகின்றது.

1957இல் 'நியூ கேர்ள் இன் டவுன்' அரங்கேறியது. யூஜின் ஓநீலின் 'அன்னா கிறிஸ்டி'யைத் தழுவிய இந்நாடகத்தில், இழிந்த வாழ்விலிருந்து மீள முயலும் பெண்ணாக வேர்டன் நடித்தார். விலைமாதர் இல்லத்தைச் சித்திரித்த ஆடலொன்று மிகையானதெனக் கருதிய நெறியாளர் ஜோர்ஜ் அபட்டும் தயாரிப்பாளர்களும் அதனை நீக்க முற்பட்டனர். ஃபொசியும் வேர்டனும் அதனை எதிர்த்தனர். ஆடல் நாடகத்துக்கு அணியா, அல்லது பாத்திரத்தின் கடந்தகாலத்தைக் கூறும் பகுதியா என்பதே இப்பிணக்கின் உட்கிடை. இதன் விளைவு அடுத்த நாடகத்திலே தோன்றிற்று. 1959இல் 'ரெட்ஹெட்' என்னும் நாடகத்தில் நடிக்க அழைக்கப்பட்டபோது, ஃபொசியே நெறியாளராதல் வேண்டும் என்பதை வேர்டன் நிபந்தனையாக விதித்தார். அதுவரை எந்நாடகத்தையும் புரோட்வேயில் நெறிப்படுத்தாத ஃபொசி, அந்நிபந்தனையின் பயனாகவே நெறியாளரானார். பிற்காலத்திலே உலகப் புகழ் பெற்ற நெறியாளர் ஒருவருக்கு முதல் வாயிலைத் திறந்தது, 'கருவி' எனப்பட்டவரின் புகழும் உறுதியுமே. அடுத்த ஆண்டு இருவரும் மணம்புரிந்தனர்.

'ரெட்ஹெட்' சிறந்த இசைநாடகத்துக்கான ரோனிப் பரிசையும் பெற்று, 452 முறை ஆடப்பெற்றது. ஆயினும், அதன் பின்னர் அது புரோட்வேயில் மீண்டும் அரங்கேறவில்லை. 'நியூ கேர்ள் இன் டவுன்' நாடகத்தின் நிலையும் அதுவே. பரிசு பெற்ற ஏடு இருந்தது, பாடல்கள் இருந்தன, ஆடியவர் இல்லை. நாடகத்தின் உயிர் ஏட்டில் இருந்ததா, ஆடலில் இருந்ததா என்னும் வினாவுக்கு இவ்விரண்டு நாடகங்களின் மறைவே விடையளிக்கின்றது.

1963இல் ஒரு மகளைப் பெற்ற வேர்டன், மூன்றாண்டுகளின் பின் 'சுவீட் சாரிட்டி'யில் மீண்டும் தோன்றினார். பெலினியின் 'நைட்ஸ் ஒஃப் கபீரியா' என்ற இத்தாலியப் படத்தைத் தழுவி நீல் சைமன் எழுதிய நாடகம் அது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் பலஸ் அரங்கிலே தொடங்கி 608 முறை ஆடப்பெற்றது. காதலில் மீண்டும் மீண்டும் ஏமாற்றப்பட்டும் நம்பிக்கை இழவாத நடனக்கூடப் பணிப்பெண் சாரிட்டியே அதன் தலைவி. அப்பொழுது வேர்டனுக்கு நாற்பத்தொரு வயது. நாடகத்தின் பெரும்பகுதியிலும் அரங்கை விட்டு நீங்காது ஆடவும் பாடவும் நடிக்கவும் வேண்டிய பாத்திரம் அது. புகழ்பெற்ற நடிகனொருவனின் இல்லத்திலே, அவன் கொடுத்த உயர்ந்த தொப்பியோடும் கைத்தடியோடும் சாரிட்டி தனியே ஆடும் காட்சி ஏழையின் பெருமிதத்தைக் காட்டுவது. தொப்பியும் தடியும் ஃபொசியின் பாணிக்கு அடையாளங்களாகப் பின்னர் எண்ணப்பட்டவை. சாரிட்டியிடத்திலோ அவை கடன்வாங்கிய செல்வத்தின் சின்னங்கள். பாணி பாத்திரத்துக்குப் பணிசெய்யும் இடம் இதுவாகும்.

1969இல் 'சுவீட் சாரிட்டி' திரைப்படமானபோது, தலைவியின் பாத்திரம் ஷேர்லி மக்லேனுக்கு அளிக்கப்பட்டது. திரையிலே பெயர்பெற்ற நட்சத்திரம் வேண்டும் என்பது வணிகத்தின் நியதி. தாம் அரங்கிலே படைத்த பாத்திரத்தை மற்றொருவர் திரையில் நடிக்க, வேர்டன் அப்படத்தின் ஆடல்களைப் பயிற்றுவிப்பதற்குத் துணைநின்றார். மன்றோவுக்குக் கற்பித்த காலத்தின் நிலை, நான்கு பரிசுகள் பெற்ற பின்னும் அவரை விட்டகலவில்லை. நியூயோர்க் பொது நூலகத்தார் அரங்க நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து பேணும் முயற்சியை 1970இலேயே தொடங்கினர். வேர்டனின் பெரும் பாத்திரங்களுள் ஒன்றொழிந்த ஏனையவை அதற்கு முற்பட்டவை. சாரிட்டி பற்றிய முழுமையான மதிப்பீடு இனி எவராலும் இயலாதிருப்பதன் காரணம் இதுவே.

எஞ்சிய அவ்வொன்று 'சிக்காகோ'. மோரீன் டலஸ் வொட்கின்ஸ் எழுதிய 1926ஆம் ஆண்டு நாடகத்தை இசைநாடகமாக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் வேர்டனின் உள்ளத்தில் இருந்தது. உரிமையை வழங்க ஆசிரியை இசையவில்லை. 1969இல் அவர் மறைந்த பின்னரே அது கைகூடிற்று. 1975ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் அரங்கேறிய இந்நாடகத்தில், கொலை செய்தும் புகழ் தேடும் ரொக்சி ஹாட்டாக வேர்டனும், அவளுக்குப் போட்டியான வெல்மாவாகச் சிட்டா ரிவேராவும் தோன்றினர். வேர்டனுக்கு வயது ஐம்பது. 1971 முதலே அவரும் ஃபொசியும் பிரிந்து வாழ்ந்தனர். மணமுறிவு வழக்கை இருவரும் நாடவில்லை, கலையிலும் பிரியவில்லை. நாடகம் 936 முறை ஆடப்பெற்றது. அதனை எண்ணியவரும், அதன் உரிமையை நாடியவரும், அதில் ஆடியவரும் ஒருவரே என்பது கருதற்பாலது.

இவ்விடத்தில் மறுபக்கத்து வாதத்தையும் மறைத்தலாகாது. 1996இல் 'சிக்காகோ' புதுப்பித்து அரங்கேற்றப்பட்டபோது வேர்டன் அதில் இல்லை. ஆன் ரைன்கிங் ஆடல்களை அமைத்தார். அப்புத்தாக்கம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடப்பெற்று, முதலாட்டத்தின் எண்ணிக்கையைப் பன்மடங்கு விஞ்சியது. 2002இல் வந்த திரைப்படம் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசையும் பெற்றது. வேர்டன் இன்றியும் நாடகம் வாழ்ந்தது. ஆதலின் உயிர் அமைப்பிலேதான் இருந்தது என்று ஒருவர் வாதிக்கலாம். இவ்வாதம் வலுவுடையதே. ஆனால், அமைப்பு எவ்வழியாகப் பின்னையோரைச் சென்றடைந்தது என்பதையும் வினவுதல் வேண்டும். ஆடல் ஏட்டிலிருந்து ஏட்டுக்குச் செல்வதில்லை. உடலிலிருந்து உடலுக்குச் செல்கின்றது. ஃபொசியின் பாணி எனப்படுவது முதலில் வேர்டனின் உடலிலே முயன்று பார்க்கப்பட்டு, அங்கே திருத்தம்பெற்று, அங்கிருந்து இளையோருக்குக் கற்பிக்கப்பட்டது. அதற்குள்ளே கோலின் பயிற்சியும், கோலுக்குள்ளே லா மேரியின் பாடமும் அடங்கியிருந்தன. 1996ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் அறிவிப்பிலே ரைன்கிங்கின் ஆடலமைப்பு 'பொப் ஃபொசியின் பாணியில்' எனக் குறிக்கப்பட்டது. அக்குறிப்புப் பொய்யன்று; குறைவுடையது.

ஃபொசியின் பெருமையைக் குறைத்தல் இங்கே நோக்கமன்று. குறுகிய தோள், உள்நோக்கித் திரும்பிய முழங்கால், விரலின் சிறு சொடுக்கு ஆகியவற்றைக் கொண்டு ஒரு மொழியை ஆக்கியவர் அவர். அவரில்லாது வேர்டனுக்கு லோலாவும் சாரிட்டியும் அவ்வடிவிற் கிடைத்திருத்தல் இயலாது. ஆனால், மொழியை ஆக்கியவர் ஒருவர் எனின், அதிலே முதன்முதற் பாத்திரங்களைப் பேசவைத்தவர் மற்றொருவர். இருவருக்கும் உரிய உரிமையை ஒருவர் கணக்கில் எழுதுதல் விமரிசனத்தின் பிழையாகும்.

பிற்காலத்தில் வேர்டன் 'த கொட்டன் கிளப்' (1984), 'ககூன்' (1985) முதலிய படங்களில் நடிகையாகத் தோன்றினார். 1987ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள், வாஷிங்டனில் 'சுவீட் சாரிட்டி' மீண்டும் அரங்கேறிய இரவிலே ஃபொசி காலமானபோது, அவர் அருகில் இருந்தவர் வேர்டன். அதன்பின் ஃபொசியின் ஆடல்களை மறைந்துபோகாது காத்தலைத் தம் கடனாகக் கொண்டார். 1999இல் 'ஃபொசி' என்னும் பெயரில் அவ்வாடல்கள் தொகுத்து அரங்கேற்றப்பட்டபோது, கலை ஆலோசகராக அமைந்து தம் நினைவிலிருந்தவற்றை இளைய தலைமுறையினர்க்கு வழங்கினார். அத்தொகுப்பும் சிறந்த இசைநாடகமெனப் பரிசு பெற்றது. பெயர் ஃபொசியுடையது, நினைவோ பெரிதும் வேர்டனுடையது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள், எழுபத்தைந்தாம் வயதில், வேர்மொன்ட் மாநிலத்திலுள்ள மகளின் இல்லத்தில் அவர் மறைந்தார். அன்றிரவு புரோட்வே அரங்குகள் தம் முகப்பு விளக்குகளைத் தணித்து அவருக்கு அஞ்சலி செலுத்தின.

மறைந்த பின்னர் அவருடைய பெயர் சிறிது சிறிதாக மீண்டு வந்தது. 1969இல் தொலைக்காட்சியில் அவர் இருவரோடு ஆடிய சிறியதோர் ஆடல், 2008இல் பாடகி பியோன்சேயின் புகழ்பெற்ற பாடற் காட்சிக்குத் தூண்டுகோலாயிற்று. பாடகியே அதனை ஏற்றுக்கொண்டார். 2013இல் வெளிவந்த ஃபொசியின் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு 'ஃபொசி' என்பதே பெயர். அந்நூலைத் தழுவி 2019இல் எடுக்கப்பட்ட தொலைக்காட்சித் தொடருக்கோ 'ஃபொசி, வேர்டன்' என இரு பெயர்களும் சூட்டப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அரங்கிலே அருகருகே நின்ற இருவர், ஏட்டிலும் அருகருகே நிற்பதற்கு இத்துணைக் காலம் சென்றது.

ஆடற்கலையை ஆராயப்புகுவோர் அமைத்தவர் யார் என்று மட்டும் வினவி அமைதல் போதாது. முதலில் ஆடியவர் யார், ஆடியவர் அதனை எவ்வாறு மாற்றினார், அவரிடமிருந்து கற்றோர் யாவர், அவருக்குக் கற்பித்தோர் யாவர் என்று தொடர்ந்து வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவிச் செல்லின், புரோட்வேயின் ஒளிமிகுந்த அரங்கொன்றிலே தொடங்கும் தேடல், பெயரில்லாது மறைந்த பலரைக் கடந்து, பாபநாசம் வடிவேலுப் பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலும் ஒருகால் வந்து நிற்கும். அந்நீண்ட வரிசையிலே ஒவ்வொருவருக்கும் உரிய பெயரை உரிய இடத்திற் பொறித்தல் விமரிசகரின் கடனாகும்.